ஒரு சொட்டும் விழுங்காதவன்

என் தங்கை கலைமணியின் புருஷன் தீர்த்தகிரிக்குப் பெங்களூரில் என்ன வேலை என்று பாப்பிரெட்டிப்பட்டியில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பெண் கேட்டு வந்த அன்று அவனுடைய அம்மா செல்லம்மாள், "பெரிய ஓட்டல்ல மேனேஜருங்க" என்றார். கூட வந்த பங்காளி ஒருவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "ஒயின்ஷாப் மாதிரிதானுங்க, ஆனா ஏசி போட்டது" என்றார். செல்லம்மாள் அவர் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். கலைமணியும் பார்த்துவிட்டாள்.

எங்கள் பக்கம் அரசாங்கச் சாராயக் கடைக்குத்தான் ஒயின்ஷாப் என்று பெயர். அங்கே பிராந்தி உண்டு, ரம் உண்டு. ஒயின் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் தீர்த்தகிரி தன் வேலையை விளக்கும்போதெல்லாம் முதலில் அது எது இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் எது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும் என்று அவன் சொல்வான். பாட்டிலைத் திறந்ததும் முகர்ந்து பார்த்து, கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் ஊற்றுவான். ஓட்டலுக்குப் புதிதாக ஒயின் வாங்கும்போது பத்து இருபது பாட்டிலைச் சுவைத்து, இது வேண்டும், இது வேண்டாம் என்பான்.

சேலத்தில் கேட்டரிங் படித்துவிட்டு அந்த ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கிற வேலைக்குத்தான் முதலில் போனான். யாரோ குடிக்காமல் விட்டுப்போன கிளாஸை உள்ளே கொண்டுபோகும்போது மூக்கில் ஏதோ பட்டிருக்கிறது. பள்ளிக்கூட லீவில் பாலக்கோட்டில் அத்தை காட்டில் தக்காளி பறிக்கப் போவானாம். செடியை ஒடித்தால் விரலில் பச்சையாக ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் போகாதே, அந்த வாசனை. வெள்ளைக்காரன் குடிக்கிற சரக்கில் நம் ஊர்த் தக்காளிச் செடி எப்படி வந்தது என்று பக்கத்தில் நின்ற பையன்களிடம் கேட்டிருக்கிறான். அவர்கள் சிரித்தார்கள். அந்த ஓட்டலில் பானங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த பானுமதி என்ற அம்மாள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவனைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

நான் ஜெர்மனிக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. ரைன் நதிக் கரையில் நான் இருக்கும் ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள்தான். கலைமணிக்குக் கல்யாணமான முதல் வருஷம் ஊருக்குப் போனபோது அவனுக்காக அந்தப் பக்கத்து வெள்ளை ஒயின் ஒன்று எடுத்துப்போனேன். வீட்டுக்குள் திறக்கக் கூடாது என்று கலைமணி சொல்லிவிட்டாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று திறந்தோம். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மூக்கருகே வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான், ரேஷன் கடை மண்ணெண்ணெய். வரிசையில நின்னு கேன்ல புடிச்சிக்கிட்டு வருவமே. அதுக்கு அடியில எலுமிச்சம்பூ. பாரு, நல்லா பாரு."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவன் சொன்ன பிறகு மண்ணெண்ணெய் வந்தது. வாயில் வைத்துச் சுழற்றி, பற்களுக்கு நடுவில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, வைக்கோல் பக்கமாகத் துப்பினான். நான் விழுங்கியதைப் பார்த்து, "நீ கஸ்டமரு. முழுங்கறவன் கஸ்டமரு, துப்பறவன் வேலக்காரன்" என்றான். ருசி பார்க்கிறவன் விழுங்க ஆரம்பித்தால் பத்தாவது கிளாஸுக்குள் மூக்கு மழுங்கிவிடும், அதனால் தான் ஒரு சொட்டுகூட விழுங்கியதில்லை என்றான். அதில் ஒழுக்கம் என்று ஒன்றுமில்லை. தொழில் கர்வம்தான்.

கலைமணி இதை நம்பவே இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அப்பா குடித்தே செத்தவர். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்துக்கு முன்னாலேயே அந்த வாசனை வாசலுக்கு வந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு பின்பக்கம் ஓடுவோம். அப்படி வளர்ந்தவள், மாமியாரோடு பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்துகொண்டு, பெங்களூரிலிருந்து எப்போதாவது வரும் புருஷனின் சட்டையை ஊறவைக்கும்போது அதே வாசனை பக்கெட்டிலிருந்து எழுந்தால் என்ன செய்வாள்?

"வாய்க்குள்ள போனத எவனாச்சும் துப்புவானா அண்ணா?" என்று என்னிடம் போனில் கேட்டாள். "அப்பாவும்தான் வாய் கொப்புளிச்சேன்னு சொல்லுவாரு."

போன ஐப்பசியில் தீர்த்தகிரி லீவில் வந்திருந்தான். அப்போது அவனுக்கு நல்ல காலம். ஓட்டலின் மேல்மாடியில் புதிதாக ஒரு ரெஸ்டாரண்ட் வரப்போகிறது, சித்திரையில் திறப்பு, அங்கே ஒயினுக்கு அவன்தான் தலைமை என்று பானுமதி சொல்லியிருந்தார். கலைமணியையும் அம்மாவையும் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று வீடு பார்க்கத் தொடங்கியிருந்தான். சேலத்தில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்துவர பைக்கில் கிளம்பினான். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் மலை இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் அடித்தது. இவன் ஒதுங்கப் பார்த்து வழுக்கிப் பின்னால் மல்லாந்தான். ஹெல்மெட் இருந்தது. எலும்பு முறியவில்லை. அந்த இடத்தில் விழுந்தவன் எழுந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கலைமணியிடம், "பரவாயில்லையே, இவ்ளோ சுத்தமா வெச்சிருக்காங்க, ஒரு நாத்தமும் இல்ல" என்றானாம். பக்கத்துக் கட்டிலில் கால் அழுகிப்போன ஒரு பெரியவர் படுத்திருந்தார். கழிவறை எதிரிலேயே இருந்தது. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்த கலைமணி அவன் தமாஷ் செய்கிறான் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து, அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்த பிறகும் அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது.

சேலத்து டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் நூல்போல இருக்குமாம். பின்மண்டையில் அடிபட்டால் உள்ளே மூளை குலுங்கி அந்த நூல்கள் அறுந்துபோகுமாம். "சிலருக்குத் திரும்ப வளரும். பலருக்கு வளர்றதில்ல. மருந்து ஒண்ணும் இல்ல, மூக்கப் பழக்குங்க" என்றார்.

பழக்கினான். எலுமிச்சம்பழம், கிராம்பு, நீலகிரித் தைலம், ரோஜா இவற்றைத் தினமும் காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனசில் கொண்டுவர வேண்டும். சாப்பாடு அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாக்குக்கு உப்பு, புளிப்பு, காரம் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. "புளிக்கொழம்புக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் கண்ண வெச்சித்தான் தெரியுது மச்சான்" என்றான். அப்போதும் குரலில் பயம் இல்லை. சித்திரைக்குள் வந்துவிடும் என்று நம்பினான். பானுமதியிடம் தலையில் அடி என்று மட்டும் சொல்லியிருந்தான். மூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடம் போய்விடும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மார்கழியில் ஒரு நாள் கலைமணி என்னைக் கூப்பிட்டாள். ஊரிலிருந்து போன் வருகிற நேரமில்லை அது. எடுத்ததும் அவள் அழுதாள்.

"அண்ணா, அவுரு மூக்கு போனதுக்கு நான்தான் காரணம்."

ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் ஒரு மாரியம்மன் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே கயிறு கட்டுவார்கள். குடியை விடவேண்டியவர்களைப் பெண்டாட்டிமார் இழுத்துக்கொண்டு வருவார்கள். பூசாரி தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றி, இத்தனை நாளைக்குத் தொடமாட்டேன் என்று ஆத்தா முன்னால் சொல்லவைத்துக் கையில் கயிறு கட்டிவிடுவார். நாள் கணக்கு முக்கியம். தீபாவளி வரைக்கும் என்பார்கள், மச்சினிச்சி கல்யாணம் வரைக்கும் என்பார்கள். புருஷன் வரமாட்டேன் என்றால் அவன் போட்ட சட்டையில் ஒரு கிழிசலைக் கொண்டுபோய் வேப்பமரத்தில் கட்டலாம். அதற்கும் பலன் உண்டு என்று எங்கள் பக்கம் நம்பிக்கை.

விபத்துக்கு முந்தின மாதம் கலைமணி அப்படிக் கட்டியிருக்கிறாள். ஓட்டலில் போடும் வெள்ளைச் சட்டையின் கைமுனையில் சிவப்பு ஒயின் கறை. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. கிழித்து எடுத்துக்கொண்டு போனாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"இந்த வாசமே அவருக்குத் தெரியாமப் போவணும் ஆத்தான்னு கேட்டேன். ஆத்தாவுக்கு சாராய வாசம் தனியா, சாம்பார் வாசம் தனியான்னு பிரிக்கத் தெரியுமா அண்ணா? மொத்தமா எடுத்துக்கிச்சி."

டாக்டர் சொன்ன நரம்பு, நூல், எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். "அந்த லாரிக்காரன அங்க பிரேக் அடிக்கச் சொன்னது யாரு?" என்று திருப்பிக் கேட்டாள். பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்த அன்றே அவனிடம் சொல்லச் சொன்னேன். சொன்னாள். "எந்தச் சட்ட?" என்றான் தீர்த்தகிரி.

"வெள்ளச் சட்ட."

"அது ஓட்டல் சட்டடி. அதான் லீவுக்குக் கெளம்பறப்ப ஒண்ணு கொறையுதுன்னு எங்கிட்ட கேட்டானுங்களா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத் திட்டுங்க மாமா" என்றாள். அவன் திட்டவில்லை. கோயிலுக்குப் போய் அவிழ்த்துவிட்டு வரலாம், நீங்களும் வரவேண்டும் என்று அவள் கேட்டபோது மறுக்கவும் இல்லை. அவனுக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் தினமும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து ஒன்றும் வராமல் இருந்தவனுக்கு, இன்னொரு இடத்தையும் போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். வரிசை நின்றது. ஈரத் தலையோடு, முந்தின நாள் போதை தெளியாத கண்களோடு ஆண்கள். அவர்கள் சட்டைக் காலரைப் பிடித்தபடி பெண்கள். பூசாரி பெயர் மாது. எங்கள் முறை வந்ததும் நிமிராமலே, "எத்தன நாளைக்கிக் கட்டணும்?" என்றார்.

"கட்ட வரலீங்க. கட்டுனத அவுக்கணும்" என்றாள் கலைமணி.

மாது நிமிர்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மெதுவாகச் சொல்லத்தான் பார்த்தாள், ஆனால் வரிசை முழுவதற்கும் கேட்டுவிட்டது.

பின்னால் நின்ற ஒருவன், "அடடே, சரக்கு வாசம் திரும்ப வேணும்னு வரம் கேக்கறாரா? அண்ணே, எனக்கும் சேத்துக் கேளுண்ணே" என்றான். அவன் பெண்டாட்டி முதுகில் ஒன்று வைத்தாள். "நீ மூடு. அவுரு படிச்ச குடிகாரரு, நீ படிக்காத குடிகாரன். அதான் பேண்ட்டு போட்டுக்கிட்டு வந்து கேக்கறாரு."

"நான் குடிக்கறதில்லீங்க்கா" என்றான் தீர்த்தகிரி.

வரிசையே சிரித்தது. "இங்க வர்ற எல்லாரும் அப்பிடித்தான் தம்பி சொல்லுவாங்க" என்றாள் ஒரு கிழவி. அவன் காது மடல் சிவந்துபோனது. இத்தனை வருஷம் ஒரு சொட்டும் விழுங்காமல் காப்பாற்றிய பெயர் அது.

மாது சிரிக்கவில்லை. "இது கட்டற எடம்மா. அவுக்கற வழக்கம் எங்கப்பன் காலத்துலயும் இல்ல. சொன்ன நாள் முடிஞ்சா கட்டு தன்னால போயிரும். நீ எத்தன நாளு சொல்லிக் கட்டுன?"

கலைமணி வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"ஆயுசுக்கும்னு சொல்லிட்டேன்."

மாது கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். "பேராச பட்டுட்ட" என்றார். திட்டுகிற குரலில் இல்லை. "அவனவன் ஒரு மாசத்துக்கே மூக்கால அழுவறான். ஆயுசுக்கும் கேட்டுட்டா நான் என்னா பண்ணுவேன்? மரத்துல உன் துணி எதுன்னு தெரிஞ்சா நீயே அவுத்துக்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

வேப்பமரத்தில் கைக்கெட்டும் கிளை ஒவ்வொன்றிலும் துணி. கட்டம் போட்டது, கோடு போட்டது, லுங்கிக் கிழிசல், காக்கி. கலைமணி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். தன்னுடையது கறையோடு இருந்த வெள்ளைத் துணி, கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதன் பிறகு வெயிலிலும் ஊறிக் காய்ந்து அத்தனையும் ஒரே சாம்பல் நிறம் ஆகியிருந்தது. வீட்டில் அத்தனை சோப்புக்கும் போகாத கறை அங்கே எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் தேடினேன். தீர்த்தகிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் தோளைத் தொட்டு, "வா கல, வெயில் ஏறுது" என்றான்.

அவள் திரும்பிப் போய் ஆத்தா முன்னால் நின்று வேறொன்று நேர்ந்துகொண்டு வந்தாள். அவருக்கு வாசம் திரும்புகிற வரைக்கும் என் சாப்பாட்டில் உப்பு சேர்க்கமாட்டேன் என்று.

ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு தினமும் பேசினேன். மாசி பிறந்ததும் செல்லம்மாள் போனை வாங்கி, "உன் தங்கச்சிய நீயாச்சும் கேளு சாமி. உப்பில்லாத களியத் தண்ணியில கரைச்சிக் குடிச்சிட்டுத் தண்ணி தூக்கப் போறா. நேத்து கொழாயடியில கண்ண இருட்டிக்கிட்டு உக்காந்துட்டா" என்றார். கேட்டேன். "அவரும்தான் ருசியில்லாமத் திங்கறாரு. நான் மட்டும் திங்கணுமா?" என்றாள். வீடியோவில் அவள் கழுத்தெலும்பு தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கலைமணியே வீடியோவில் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குப் பதறிப்போய்விட்டது.

"அண்ணா, வந்துருச்சி! மல்லிகப் பூ வெச்சிக்கிட்டுப் பக்கத்துல போனேன். 'லேசா மல்லி வருது கல'ன்னாரு. அப்பறம் காப்பித்தூள் டப்பாவத் தொறந்தேன், அதுவும் தெரியுதுங்கறாரு!"

பின்னால் தீர்த்தகிரி சுவரில் சாய்ந்து நின்றான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்று சாயங்காலம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"என்னாத்த காட்டறது மச்சான்? பூவு அவ தலையில இருந்துச்சி, நான் பாத்தேன். டப்பா அவ கையில இருந்துச்சி, அதையும் பாத்தேன். ஒண்ணும் வரல."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"அவ மத்தியானம் ஊறுகாய் வெச்சிச் சாப்ட்டா மச்சான். ரெண்டு தட்டு" என்றான்.

நான் கலைமணியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவளும் குழாயடியில் விழுந்துகொண்டிருந்தாளே. கொஞ்ச நாளில் நிஜமாகவே வாசனை வந்துவிட்டால் பொய் தன்னால் உண்மையாகிவிடும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

எங்கள் இருவருக்குமே தோன்றாதது ஒன்று நடந்தது. கலைமணி ஆத்தாவுக்குப் பொங்கல் வைத்தாள், தெரு முழுக்கச் சொன்னாள், பிறகு அவனுடைய போனிலிருந்து நம்பரை எடுத்துப் பானுமதியையே கூப்பிட்டுவிட்டாள். சாராயம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், "மேடம், எங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பு தேவலையாயிருச்சிங்க. ஒயினுக்குன்னு ஒரு எடம் சொல்லியிருந்தீங்களாமே, அவரே வந்துருவாருங்க" என்று கேட்டிருக்கிறாள். அவர், பங்குனியில் வரச்சொல்லுங்கள், புது ரெஸ்டாரண்டுக்குப் பாட்டில் தேர்வு செய்யவேண்டும், கிரி இல்லாமல் முடியாது என்றிருக்கிறார். கலைமணி பெட்டி அடுக்கினாள். கைமுனை கிழியாத வெள்ளைச் சட்டைகளை அவளே இஸ்திரி போட்டாள்.

போகாமல் இருக்க அவனுக்குக் காரணமில்லை. போவதற்கு முன்னால் தினமும் படித்தான். எந்தத் திராட்சை எந்த நிறத்தில் இருக்கும், வயதானால் ஓரத்தில் எப்படிச் செங்கல் நிறம் ஏறும், கிளாஸைச் சுழற்றினால் எப்படி வழியும், நாக்கில் எது எவ்வளவு புளிக்கும், எது துவர்த்து ஈறைப் பிடிக்கும் என்று. கண்ணும் நாக்கும் மீதம் இருக்கின்றன, அதை வைத்து ஓட்டிவிடலாம் என்றான். "பாதி பேரு அப்பிடித்தான் மச்சான் ஓட்டறானுங்க" என்று சிரித்தான். போனில் அந்தச் சிரிப்பு கேட்க நன்றாக இல்லை.

பெங்களூரில் நடந்ததை மறுநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து சொன்னான். பானுமதி, அவன், அவனுக்குக் கீழே வேலை செய்த எழிலரசி என்ற பெண், மூன்று பேரும் மேஜையில். பெயர் தெரியாமல் பாட்டில்களுக்குத் துணி சுற்றியிருந்தது. முதல் கிளாஸ் வெள்ளை. நிறத்தையும் புளிப்பையும் வைத்துச் சொன்னான், சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது சிவப்பு, துவர்ப்பை வைத்துச் சுற்றி வளைத்துச் சொன்னான், பானுமதி தலையாட்டினார். அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. நாலாவதும் சிவப்பு. நல்ல அடர்த்தி. எழிலரசி மூக்கருகே கொண்டுபோய் அப்படியே கீழே வைத்துவிட்டாள். பெரியவர்கள் முதலில் பேசட்டும் என்று வைத்தாள் என நினைத்துக்கொண்டு இவன் வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்பினான்.

"நாவப்பழம், அடியில கொஞ்சம் மொளகு, நல்ல புகை. இத வாங்கலாம் மேடம், கறிக்கு நல்லா இருக்கும்."

அப்போதுதான் பானுமதி தன் கிளாஸை எடுத்தார். அது கெட்டுப்போன பாட்டில். சில சமயம் கார்க்கில் பூஞ்சை பிடித்து உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும். மழையில் ஊறிய சாக்கு மாதிரி நாறும். அந்தத் தொழிலில் காலெடுத்து வைக்கிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். அந்த ஒன்றை ஊற்றாமல் நிறுத்துவதற்குத்தான் அப்படி ஒரு ஆளையே ஓட்டலில் வைத்துக்கொள்கிறார்கள். அறை முழுக்க அந்த நாற்றம் இருந்திருக்கும். அவன் அதை வாங்கலாம் என்றான்.

யாரும் அவனைச் சோதிக்கவில்லை. தற்செயலாக வந்த பாட்டில்.

"எழில் தலையக் குனிஞ்சிக்கிச்சி மச்சான். மேடம் கிளாஸ வெச்சிட்டு, 'எப்போலேர்ந்து கிரி?'ன்னு மட்டும் கேட்டாங்க."

விருந்து ஹால் பக்கம் வேலை போட்டுத் தருகிறேன் என்று பானுமதி சொன்னாராம். பாட்டில் திறக்கிற சத்தம் கேட்கிற இடத்தில் இனி நிற்க முடியாது என்று இவன் வந்துவிட்டான்.

"கலகிட்ட என்ன சொல்லப்போற?"

"அந்த எடத்துக்கு டெல்லிலேர்ந்து ஒருத்தன எறக்கிட்டாங்கன்னு சொல்லுவேன்."

"உண்மையச் சொல்லிடேன்."

"சொன்னா என்னாவும்? மறுபடி உப்பு நிறுத்துவா. இந்தத் தடவ ஆயுசுக்கும் நிறுத்துவா. அவளுக்குக் கம்மியா கேக்கத் தெரியாது மச்சான்." பின்னால் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவினான். "பஸ்ஸு வந்துருச்சி" என்று வைத்துவிட்டான்.

கலைமணி அந்த டெல்லிக்காரனைச் சபித்தாள். பானுமதியையும் சேர்த்துச் சபித்தாள். ஆத்தா கொடுத்ததை மனுஷன் தட்டிப் பறித்துவிட்டான் என்றாள். ஆனாலும் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. தான் கெடுத்தது சரியாகிவிட்டது, மீதியெல்லாம் உலகத்தின் அநியாயம். தீர்த்தகிரி பங்காளியின் புளிக் கிடங்கில் லோடு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். ஆறு மாதத்துக்கு மேல் போனால் நரம்பு திரும்ப வளர வாய்ப்புக் குறைவு என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் தாண்டிவிட்டது. எலுமிச்சம்பழமும் கிராம்பும் வைத்துப் பழகுவதை நிறுத்திவிட்டான். சரியாகிவிட்டவன் எப்படித் தினமும் பழகிக்கொண்டிருப்பான்?

கேஸ் கசிந்தால் கூவுகிற கருவி ஒன்றை நான் ஆன்லைனில் வாங்கி அனுப்பினேன். எதற்கு இது என்று கலைமணி கேட்டாள். இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். கலைமணி கன்னத்தில் சதை வைத்து, பழைய மாதிரி ஆகியிருந்தாள். அவளுக்குத் திடீரென்று ஒரு விளையாட்டுத் தோன்றியது. "அண்ணா, நீயும் பாரு. ஓட்டல்ல கண்ணக் கட்டிக் கண்டுபுடிப்பாங்களாமே. எங்க வூட்டுலயும் வெக்கிறேன் பாரு பரீச்ச" என்று போனைச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பின்னாலிருந்து ஒரு கையால் அவன் கண்களைப் பொத்தினாள். இன்னொரு கையில் எதையோ எடுத்து அவன் மூக்கருகே கொண்டுபோனாள். எனக்குத் தெரிந்தது, கொய்யாப்பழம். நன்றாகப் பழுத்தது. அவன் மூச்சை இழுத்தான். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"சொல்லுங்க மாமா."

அவன் திரும்பவும் இழுத்தான். உதட்டை நக்கிக்கொண்டான். அவள் சிரிப்பு கொஞ்சம் குறைவதுபோல இருந்தது.

"அட, கொய்யாப்பழம் என்னா வெல விக்குது இப்போ அங்க?" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"அண்ணா! உன்ன யாரு கேட்டா? காரியத்தக் கெடுத்துட்டியே!"

தீர்த்தகிரி அவள் கையை விலக்காமலே பேச ஆரம்பித்தான். ஓட்டலில் பேசுகிற மாதிரி, நிதானமாக. "செங்கொய்யா. காம்புப் பக்கம் இன்னும் பச்ச வாசம் போவல. நடுவுல தேனு. அடியில லேசா புளிச்ச மோரு. மரத்துலயே பழுத்தது, அணில் கடிச்சிட்டுப் போயிருக்கும்." அவள் வாயைப் பிளந்து கேட்டாள். பழத்தைத் திருப்பிப் பார்த்தாள். அணில் கடித்த தடம் இல்லை, ஆனாலும் சிரித்தாள். "கேட்டியா அண்ணா? இந்த மனுசன விட்டுட்டு டெல்லிக்காரன வெச்சிருக்காங்க!"

அவன் சிரித்தான். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு" என்றாள் அவள். "கண்ணத் தொறக்கக் கூடாது. அண்ணா, இந்தத் தடவ நீ வாயத் தொறந்த, பாத்துக்க." எட்டிப் போனைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாற்போல் மல்லாத்தி வைத்துவிட்டாள். எனக்கு மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. அவள் எழுந்து போகும் சத்தமும், உள்ளே ஏதோ டப்பா மூடி திறக்கும் சத்தமும், திரும்பி வரும் கொலுசுச் சத்தமும் கேட்டன.

"ம், இழுத்துப் பாருங்க" என்றாள்.